நான்கு வாங்கினால் மூன்றே கால் தெரிவதேன்?

பழைய கணினி ஒன்றை விலைக்கு வாங்கிப் பிள்ளையின் படிப்பிற்காக வீட்டில் வைக்கும் பெற்றோருக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. நினைவகம் நான்கு கிகாபைற்று என்று சொல்லி விற்றார்கள். திரையோ மூன்றே கால் என்று காட்டுகின்றது. எஞ்சிய முக்கால் எங்கே போயிற்று? கிளிவெட்டியிலும் இவ்வினா எழாமல் இல்லை. கடைக்காரர் மேல் பழி சுமத்துமுன் கணினியின் முகவரிக் கணக்கைச் சிறிது அறிந்துகொள்வோம்.

நினைவகம் என்பது இலக்கமிட்ட சிற்றறைகள் நிறைந்த நீண்ட தெருவை ஒத்தது. அறைக்கு ஒரு பைற்று தங்கும். வேண்டிய அறையின் இலக்கத்தைச் செயலி மின்கம்பிகள் வாயிலாகக் கூறும். கம்பி ஒன்றுக்கு இரு நிலைகளே உள்ளமையால், ஒவ்வொரு கம்பி கூடும்போதும் இலக்கங்கள் இரட்டிக்கும். 1981இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட கணினியின் இன்டெல் 8088 செயலிக்கு 20 முகவரிக் கம்பிகள். எனவே 1,048,576 இலக்கங்கள், அதாவது ஒரு மெகாபைற்று.

அத்தனையும் நினைவகத்துக்கே உரியன அல்ல. திரைக்கான சுற்றும், அழியாக் கட்டளைகளைத் தாங்கிய சில்லும் அதே தெருவிலேயே குடியிருக்க வேண்டும். அவற்றுக்கென மேற்பகுதியில் 384 கிலோபைற்று ஒதுக்கப்பட்டது. நிரல்களுக்கு எஞ்சியது 640. பின்னாளில் கூடுதல் நினைவகம் பொருத்தியோரும், பழைய நிரல்கள் அந்த எல்லைக்குள்ளேயே நின்று இடர்ப்பட்டதைக் கண்டனர்.

1985இல் வந்த 80386 செயலி முகவரியை 32 பிட்டுகளாக விரித்தது. எல்லை நான்கு கிகாபைற்றாயிற்று. அந்நாளில் அது கடலெனத் தோன்றியிருக்கும்; ஆயினும் நினைவகம் மலிந்தபோது பழைய கதையே மீண்டது. திரை அட்டை முதலிய கருவிகள் மேல் இலக்கங்களைக் கைக்கொள்ள, அவ்விடத்து நினைவகம் இலக்கமற்ற வீடாயிற்று. வீடு இருக்கின்றது, தபாற்காரர்தாம் அதனைக் கண்டடைய இயலாது!

ஆதலின் 32 பிட் விண்டோஸ் இயங்கும் வீட்டுக் கணினியில் மேலும் நினைவகம் வாங்கிப் பூட்டுதல் வீண் செலவே. செயலி 64 பிட் வகையினதா என்று முதலில் பாருங்கள். 2003 முதல் ஏ.எம்.டி. நிறுவனமும், அதனைத் தொடர்ந்து இன்டெலும் இக்குடும்பத்தில் அத்தகைய செயலிகளை வெளியிட்டன. தாய்ப்பலகையும் இடந்தருமாயின், 64 பிட் இயங்குதளத்தை நிறுவுவதே வழி. மறைந்த முக்கால் பெரும்பாலும் வெளிப்படும், பணமும் மிஞ்சும், கடைக்காரரோடு பகையும் நேராது.