தமிழ்நாட்டுப் பல்கலைக்கழக அலுவலகங்களும் சேவைகளும்

பல்கலைக்கழக அலுவலகங்கள் என்பவை, கற்பித்தலும் ஆய்வும் நீங்கலாக, மாணவர்கள், பழைய மாணவர்கள், சுற்றுவட்டார மக்கள் ஆகியோருக்குப் பல்கலைக்கழகம் ஆற்றும் பணிகளைக் கவனிக்கும் பிரிவுகள் ஆகும். பதிவாளர் அலுவலகம், தேர்வாணையர் அலுவலகம், மாணவர் நலப் பிரிவு, வேலைவாய்ப்பு வழிகாட்டு மையம், பழைய மாணவர் சங்கம், நாட்டு நலப்பணித் திட்டப் பிரிவு, விரிவாக்கப் பிரிவு ஆகியவை பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் உண்டு. தமிழ்நாட்டில் கலை, அறிவியல் படிப்பவர்களில் பெரும்பாலோர் தங்கள் பல்கலைக்கழகத்தின் வகுப்பறை எதிலும் உட்கார்ந்ததில்லை. அவர்கள் படித்தது ஓர் இணைவிப்புக் கல்லூரியில். பல்கலைக்கழகம் அவர்களுக்குத் தெரிவதெல்லாம் மதிப்பெண் பட்டியலில் உள்ள முத்திரையாகவும், சான்றிதழ் வாங்க வரிசையில் நின்ற ஒரு சாளரமாகவும்தான். அந்த வகையில் இங்கே அலுவலகமே பல்கலைக்கழகம்.

இணைவிப்பு முறையும் அதன் விளைவும்

இந்த நிலை தற்செயலாக வந்ததன்று. 1854-இல் வெளிவந்த சார்லஸ் உட் அறிக்கையின் வழியே 1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களில் பல்கலைக்கழகங்கள் தொடங்கப்பட்டன. அவற்றுக்கு முன்மாதிரி அன்றைய இலண்டன் பல்கலைக்கழகம். அது பாடம் நடத்தவில்லை. தேர்வு வைத்துப் பட்டம் கொடுத்தது. 1857 செப்டம்பர் 5-இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகமும் அவ்வாறே தேர்வு நடத்தும் அமைப்பாகவே பிறந்தது. பாடம் நடத்தும் துறைகள் அதற்கு இருபதாம் நூற்றாண்டில்தான் வளர்ந்தன. சேப்பாக்கத்தில் கடற்கரையைப் பார்த்து நிற்கும் செனட் இல்லம் இராபர்ட் சிஷோம் வரைந்த கட்டடம். 1879-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதுவும் வகுப்பறைக் கட்டடம் அன்று, பேரவை கூடுவதற்கான மண்டபம்.

தொடக்கத்தில் தென்னிந்தியாவின் பெரும்பகுதி சென்னைப் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் இருந்தது. மைசூர் 1916-இலும், ஆந்திரா 1926-இலும், அண்ணாமலை 1929-இலும், திருவிதாங்கூர் 1937-இலும், மதுரை 1966-இலும் தனிப் பல்கலைக்கழகங்கள் ஆயின. எல்லைகள் மாறினாலும் பழைய மாணவர்களின் ஆவணங்கள் அவர்களுக்குப் பட்டம் வழங்கிய இடத்திலேயே தங்கிவிட்டன. தன் பட்டம் எங்கே பதிவாகியிருக்கிறது என்ற கேள்விக்கு ஊரைப் பார்த்து விடை சொல்ல முடியாமல் போவது இதனால்தான்.

விழுப்புரம் மாவட்டக் கல்லூரி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். முன்பு அது சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தது. 2002-இல் வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் உருவானதும் அதன் கீழ் வந்தது. 2021-இல் விழுப்புரத்துக்கென ஒரு பல்கலைக்கழகம் சட்டமாகி, அதே ஆண்டில் அது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. அதன்பின் கல்லூரி அண்ணாமலையின் கீழ் வந்தது. ஒரே கல்லூரியில் படித்த அப்பாவுக்கும் அக்காவுக்கும் தம்பிக்கும் மூன்று வெவ்வேறு பல்கலைக்கழகங்களின் பட்டம் இருக்கக்கூடும்.

பொறியியல் படித்தவர்கள் கதை இதைவிடச் சிக்கலானது. 1978-இல் தொடங்கிய அண்ணா பல்கலைக்கழகம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மாநிலம் முழுவதற்குமான இணைவிப்புப் பல்கலைக்கழகம் ஆனது. 2007-இல் கோயம்புத்தூர், திருச்சி, திருநெல்வேலி எனப் பிரிந்தது. 2010-இல் மதுரையும் சேர்ந்தது. 2012-இல் எல்லாம் மீண்டும் ஒன்றாயின. இடைப்பட்ட ஆண்டுகளில் படித்தவர் கையில் இருப்பது இன்று அந்தப் பெயரில் இல்லாத ஒரு பல்கலைக்கழகத்தின் மதிப்பெண் பட்டியல். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று இணையத்தில் தேடிப்பார்த்து, அப்படியொரு பல்கலைக்கழகமே இல்லையே என்று கேட்டால், விளக்கம் தர வேண்டியது கிண்டியில் உள்ள அலுவலகம்.

கல்லூரி தருவது எது, பல்கலைக்கழகம் தருவது எது

வீணான அலைச்சலில் பெரும்பகுதி இந்த வேறுபாடு தெரியாததால் வருகிறது. மாற்றுச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ், படிக்கும் காலத்தில் வங்கிக்கும் பேருந்து அட்டைக்கும் கேட்கப்படும் போனஃபைடு சான்றிதழ், தமிழ்வழியில் பயின்றதற்கான சான்றிதழ் ஆகியவை கல்லூரி முதல்வரின் கையொப்பத்தில் வருபவை. மதிப்பெண் பட்டியல், புரொவிஷனல் எனப்படும் தற்காலிகப் பட்டச் சான்றிதழ், வேறு பல்கலைக்கழகத்தில் சேர்வோருக்கான இடப்பெயர்வுச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ் ஆகியவை பல்கலைக்கழகத்தின் தேர்வாணையர் அலுவலகத்தைச் சார்ந்தவை. தன்னாட்சிக் கல்லூரிகள் இதற்கு விதிவிலக்கு. 1978 முதல் தமிழ்நாட்டில் தன்னாட்சி பெற்றுவரும் இக்கல்லூரிகள் தேர்வைத் தாங்களே நடத்தி மதிப்பெண் பட்டியலையும் தாங்களே தருகின்றன. பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும். ஆகவே தன்னாட்சிக் கல்லூரி மாணவரின் மதிப்பெண் பட்டியலில் பிழை இருந்தால் முதலில் போக வேண்டியது கல்லூரியின் தேர்வுப் பிரிவுக்கே.

பட்டச் சான்றிதழ் பட்டமளிப்பு விழா முடிந்த பிறகே கைக்கு வரும். விழா தள்ளிப்போகும் காலங்களில் புரொவிஷனலை வைத்துக்கொண்டே வேலைக்கும் மேற்படிப்புக்கும் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். உள்நாட்டில் இதனால் பெரிய தடை இல்லை. வெளிநாட்டில் சில இடங்களில் பட்டச் சான்றிதழையே கேட்பார்கள். துணைவேந்தர் பணியிடம் காலியாக இருக்கும்போது விழா எப்போது நடக்கும் என்பது மாணவர் கையில் இல்லாத விஷயம்.

தேர்வு அலுவலகம்

விடைத்தாள் திருத்தம் முடிந்து முடிவு வந்ததும் மறுகூட்டல், மறுமதிப்பீடு, விடைத்தாள் நகல் ஆகியவற்றுக்கு விண்ணப்பிக்கக் குறுகிய கால அவகாசம் தரப்படும். அந்தத் தேதியைத் தவறவிட்டவருக்கு அடுத்த தேர்வு வரை வழியில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், தேர்வு எழுதியவர் திருத்தப்பட்ட தன் விடைத்தாளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பார்க்கவும் நகல் பெறவும் உரிமை உள்ளவர் என்று தீர்ப்பளித்தது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தொடர்பான வழக்கு அது. தீர்ப்பின் அடிப்படை பல்கலைக்கழகத் தேர்வுக்கும் பொருந்தும். பத்து ரூபாய்க் கட்டணத்தோடு பொதுத் தகவல் அலுவலருக்கு மனு அனுப்பலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும். ஆனால் விடைத்தாள்களைக் குறிப்பிட்ட காலம் வரைதான் வைத்திருப்பார்கள். பிறகு அழித்துவிடுவார்கள் என்பதால் மனுவைத் தள்ளிப்போடக் கூடாது. விடைத்தாளைப் பார்ப்பது மதிப்பெண்ணை மாற்றாது என்பதும் நினைவில் இருக்க வேண்டும். மாற்றுவதற்கு மறுமதிப்பீடுதான் வழி.

திரும்பி வரும் பழைய மாணவர்

படித்து முடித்துப் பல ஆண்டுகள் கழித்துப் பல்கலைக்கழக வாசலுக்கு வருபவர்களில் மூன்று வகையினர் அதிகம்.

முதலாவது, உண்மைத்தன்மைச் சான்று தேவைப்படுவோர். அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு இந்தச் சொல் நன்றாகப் பழகியது. பணியில் சேர்ந்தபின் அவர்களின் சான்றிதழ்கள் அந்தந்தத் தேர்வு வாரியத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பப்பட்டு, உண்மையானவைதான் என்ற பதில் வந்த பிறகே பணிவரன்முறை முழுமையாகும். பதில் தாமதமானால் அதோடு சேர்ந்து மற்றவையும் தாமதமாகும். கடிதத்தை அனுப்புவது கல்வி அலுவலகம், பதில் தருவது தேர்வாணையர் அலுவலகம், காத்திருப்பது ஆசிரியர். வெளிநாட்டு வேலைக்குப் போவோருக்கும் இதே சரிபார்ப்பு உண்டு. அவர்களுக்கு அதற்கு மேல் மாநில உயர்கல்வித் துறையின் சான்றொப்பமும், அப்போஸ்டில் முத்திரையும் தேவைப்படலாம். அப்போஸ்டில் உடன்படிக்கை இந்தியாவில் 2005-இல் நடைமுறைக்கு வந்தது. அதில் சேராத நாடுகளுக்குத் தூதரகச் சான்றொப்பம் தனியாக வாங்க வேண்டும்.

இரண்டாவது, தமிழ்வழிச் சான்றிதழ் கேட்டு வருவோர். 2010-இல் இயற்றப்பட்ட சட்டம் அரசுப் பணியிடங்களில் 20 விழுக்காட்டைத் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு ஒதுக்குகிறது. 2020-இல் வந்த திருத்தம், பட்டப்படிப்பு மட்டுமன்றி பள்ளிப் படிப்பும் தமிழ்வழியில் இருக்க வேண்டும் என்றது. விளைவாக, முப்பது வயதைத் தாண்டிய தேர்வர்கள் ஒன்றாம் வகுப்பு படித்த பள்ளிக்கூடம் வரை திரும்பிப் போய்க் கையொப்பம் வாங்குகிறார்கள். இடையில் மூடப்பட்ட பள்ளியானால் கல்வி அலுவலரைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, சான்றிதழைத் தொலைத்தவர்கள். காவல்துறையில் புகார் அளித்து, கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று பெற்று, உறுதிமொழிப் பத்திரத்தோடு கட்டணம் செலுத்தினால் நகல் சான்றிதழ் கிடைக்கும். சில பல்கலைக்கழகங்கள் நாளிதழ் விளம்பரமும் கேட்கின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் வீட்டுப் பெட்டியோடு சான்றிதழ்களும் போயின. அப்போது அரசு சிறப்பு முகாம்கள் வைத்துக் கட்டணமின்றி நகல் தர ஏற்பாடு செய்தது. ஈரம் பட்ட சான்றிதழைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தவர்களுக்கு வேலை எளிதாக முடிந்திருக்கும். பதிவெண்ணும் ஆண்டும் தெரிந்தால் பதிவேட்டில் தேடுவது சில நிமிட வேலை. மதிப்பெண் பட்டியலின் ஒளிநகலை வேறொரு வீட்டில் வைத்திருப்பதன் பயன் அதுதான். இப்போது டிஜிலாக்கர் வழியாகக் கிடைக்கும் தேசியக் கல்வி ஆவணக் காப்பகத்தில் புதிய பட்டங்கள் ஏற்றப்படுகின்றன. பழைய பட்டங்களைப் பொறுத்தவரை பல இடங்களில் தோல் அட்டை போட்ட பெரிய பதிவேடுதான் இன்னும் ஆதாரம்.

பழைய மாணவர்களுக்கு ஒரு காலத்தில் வாக்குரிமையும் இருந்தது. 1923-ஆம் ஆண்டுச் சென்னைப் பல்கலைக்கழகச் சட்டம், பதிவு செய்துகொண்ட பட்டதாரிகள் பேரவைக்குத் தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்க வழி செய்தது. 1986-இல் கலைக்கப்படும் வரை தமிழ்நாட்டுச் சட்ட மேலவையிலும் பட்டதாரிகளுக்கெனத் தனித் தொகுதிகள் இருந்தன. இன்றைய பழைய மாணவர் சங்கங்கள் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. தேசிய மதிப்பீட்டு அவையான நாக், மாணவர் ஆதரவு என்ற அளவுகோலின் கீழ் பழைய மாணவர் பங்களிப்புக்கும் மதிப்பெண் தருகிறது. அந்தக் குழு வரும் ஆண்டில் மட்டும் விழித்துக்கொள்ளும் சங்கங்களும் உண்டு.

மாணவர் நலமும் குறைதீர்ப்பும்

உதவித்தொகைக்குப் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தை நாட வேண்டியதில்லை. ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் நலத் துறைகளின் உதவித்தொகை, தொழிற்படிப்பில் முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை, 2022-இல் தொடங்கிய புதுமைப்பெண், 2024-இல் தொடங்கிய தமிழ்ப்புதல்வன் ஆகிய மாதம் 1000 ரூபாய்த் திட்டங்கள் எல்லாம் கல்லூரியின் பொறுப்பு அலுவலர் வழியே பதிவாகின்றன. ஆதார் எண்ணோடு வங்கிக் கணக்கு இணையாமல் பணம் நிற்பது வழக்கமான தொல்லை.

சேர்ந்த பிறகு வேறு கல்லூரியில் இடம் கிடைத்து விலக விரும்பும் மாணவரிடம் அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கூடாது என்று 2018-இல் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்தது. சரிபார்த்தபின் திருப்பித் தந்துவிட வேண்டும். கட்டணத்தைத் தந்தால்தான் சான்றிதழ் என்று சொல்லப்படும்போது மாணவரும் பெற்றோரும் இதைச் சுட்டிக்காட்டலாம்.

2023-இல் வெளியான மானியக் குழு விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். அதன் முடிவு திருப்தி தராவிட்டால் பல்கலைக்கழகம் நியமித்த குறைகேள் அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம். ஓய்வுபெற்ற துணைவேந்தர், பேராசிரியர் அல்லது மாவட்ட நீதிபதி இந்தப் பதவிக்குத் தகுதியானவர். பாலியல் தொல்லை குறித்த புகார் இந்தக் குழுவுக்கு அன்றி, 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த உள் புகார் குழுவுக்குப் போக வேண்டும். பகடிவதைக்கெனத் தமிழ்நாடு 1997-இலேயே தனிச் சட்டம் இயற்றியது. அதற்கு முந்தைய ஆண்டு ஒரு மருத்துவ மாணவர் விடுதியில் கொல்லப்பட்ட நிகழ்வே அதற்குக் காரணம். நாடு முழுவதற்குமான பகடிவதைப் புகார் எண் 1800-180-5522. மன உளைச்சலுக்கு 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

சுற்றுவட்டார மக்களுக்கு

நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டான 1969-இல் செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணியும், ஒரு கிராமத்தில் ஏழு நாள் முகாமும் இதன் வடிவம். முகாம் முடிந்து பேருந்து கிளம்பியதும் நட்ட மரக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லை என்ற குறை ஊர்களில் சொல்லப்படுவதுண்டு. அதே ஊருக்கு ஆண்டுதோறும் திரும்பிப் போகும் பிரிவுகளுக்கு அந்தப் பேச்சு இல்லை.

இதைவிட நிலையாகப் பயன்படுபவை, பயிற்சிக்காகவே நடந்தாக வேண்டிய சேவைகள். அண்ணா பல்கலைக்கழகம் 2004 பிப்ரவரி 1-இல் தொடங்கிய அண்ணா எஃப்.எம். இந்தியாவின் முதல் வளாகச் சமூக வானொலி. சுற்றுப் பகுதிப் பெண்களே அதில் நிகழ்ச்சி தயாரித்துப் பேசினார்கள். சட்டக் கல்லூரிகளில் இலவச சட்ட உதவி மையம் படிப்பின் ஒரு பகுதி. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் மண், நீர் பரிசோதனை செய்து தருகிறது, விதை விற்கிறது, ‘உழவரின் வளரும் வேளாண்மை’ என்ற மாத இதழை நடத்துகிறது. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-இல் புதுச்சேரியில் தொடங்கப்பட்டபோது அதன் பொறுப்பும் இதனிடமே இருந்தது. சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் வளர்ப்பு நாய்களும் பூனைகளும் மாடுகளும் நாள்தோறும் வருகின்றன. கூட்டி வருபவர்களில் எத்தனையோ பேர் பல்கலைக்கழகத்தின் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். வேப்பேரி ஆஸ்பத்திரி என்றால் எல்லாருக்கும் தெரியும்.