பல் கம்பியும் வேரின் கதியும்

சென்ற ஆண்டுக் கோடையில், தேவிகுளத்தில் வசிக்கும் என் தமக்கை தன் மகளுடன் போடிமெட்டு வழியே தேனிக்கு இறங்கி வந்தாள். பெண்ணுக்கு வயது பதினான்கு. முன்பற்கள் சற்றுத் தூக்கல். கிளிப் போடுவதென்று தீர்மானமாயிற்று. பல் வைத்தியர் முதலில் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். “பல்லை நேராக்க வந்தால் வேரைப் படம் பிடிப்பானேன், தம்பி?” என்றாள் தமக்கை. நியாயமான கேள்விதான்.

பல் என்பது மரத்தில் அறைந்த ஆணியன்று. வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்ப்படலம் ஒன்று உண்டு. கம்பி பல்லைத் தள்ளும்போது, அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பு கரைகிறது; மறுபக்கத்தில் புது எலும்பு வளர்கிறது. பல் நகர்வது இவ்விதமே. ஆனால் எலும்பைக் கரைக்கும் அவ்வேலை சில வேளை வேரின் நுனியையும் பற்றிக்கொள்கிறது, வேர் குட்டையாகிறது. பெரும்பாலோர்க்கு இது அற்பமானது. பல் ஆயுள் முழுதும் உழைக்கும். சிலர்க்கோ வேரில் மூன்றிலொரு பங்குக்கு மேலும் போய்விடுவதுண்டு. இதிலே வலி கிடையாது என்பதுதான் சங்கடம். படத்திலன்றி வேறெதிலும் தெரியாது.

அமெரிக்க வைத்தியர் ஆல்பர்ட் கெட்சம் 1927-இல் எக்ஸ்ரே படங்களைக் கொண்டு இதனை எடுத்துக் காட்டினார். 1994-இல் சுவீடனில் லெவாண்டர் குழுவினர், ஆறு மாதத்தில் வேர் கரையத் தொடங்கியவர்களை இரு பிரிவாக்கி ஆராய்ந்தனர். இரண்டு மூன்று மாதம் கம்பிக்கு ஓய்வு கொடுக்கப்பட்டவர்களுக்குச் சேதம் குறைவாக இருந்தது. ஆறாம் மாதத்தில் மீண்டும் படம் எடுப்பதன் பயன் இதனால் விளங்கும்.

நம் குடும்பங்களில் தவறுவது இவ்விடத்தில்தான். பிள்ளை விடுதிக்குப் போகிறது. தகப்பனார் வேலை தேடித் திருப்பூருக்குப் பெயர்கிறார். ஒரு வைத்தியர் தொடங்கியதை இன்னொருவர் முடிக்கிறார். பழைய படம் பரணில் கிடக்கிறது. ரயில்வே குமாஸ்தாவாகிய நான் ரசீதில்லாத சரக்கை விடுவிக்க மாட்டேன். பழைய படமில்லாத வாயை மட்டும் புது வைத்தியர் எப்படி ஏற்றுக்கொள்வார்?

கிளிப்புக்கு முன் பெண்ணின் கடைவாய்ச் சொத்தையைக் காம்போசிட் கொண்டு அடைத்தார்கள். 1955-இல் புவனகோர் என்பவர், அமிலம் தடவிய பல்லில் பிசின் உறுதியாய்ப் பற்றுவதைக் கண்டார். 1962-இல் ரபேல் போவன் உருவாக்கிய பிசினே இன்றைய பல்நிற அடைப்புகளுக்கு ஆதாரம். கிளிப்பைப் பல்லில் ஒட்டும் பசையும் பெரும்பாலும் இக்குடும்பத்ததே. ஒட்டும் இடத்தில் எச்சில் பட்டால் பிடிப்புப் போய்விடும். இறுகும்போது பிசின் சற்றே சுருங்குவதால், சிறிது சிறிதாக வைத்து நீல ஒளி காட்டுகிறார்கள். வைத்தியர் தாமதிக்கிறார் என்று முணுமுணுத்த நானே பிறகு நாணினேன்.

ஆறாம் மாதப் படத்தில் ஒரு முன்பல்லின் வேர்நுனி சிறிது மழுங்கியிருந்தது. இரண்டு மாதம் கம்பியை முடுக்காமல் விட்டார் வைத்தியர். தமக்கை இப்போது இரண்டு படங்களையும் ஒரே உறையிலிட்டு, ரேஷன் கார்டோடு சேர்த்துப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறாள்.