சட்டமன்றத்திலிருந்து மாமன்றத்துக்கு: சபரிநாதன் கவுன்சிலர் ஆனது ஏன்?

திருவனந்தபுரம்: இரண்டு முறை சட்டமன்ற உறுப்பினராக இருந்த ஒருவர், மாநகராட்சியின் ஒரேயொரு வார்டில் வாக்கு கேட்டு வீடு வீடாகச் சென்றது கேரள அரசியலில் பலரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. காங்கிரஸ் கட்சியைச் சேர்ந்த கே.எஸ். சபரிநாதன், 2025 டிசம்பரில் நடைபெற்ற உள்ளாட்சித் தேர்தலில் திருவனந்தபுரத்தின் கவடியார் வார்டில் போட்டியிட்டு, நூறுக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

சட்டப்பேரவைத் தலைவராகப் பதவியில் இருந்தபோதே 2015 மார்ச்சில் காலமான ஜி. கார்த்திகேயனின் மகன் இவர். தந்தையின் அருவிக்கரை தொகுதிக்கு அதே ஆண்டு ஜூனில் நடைபெற்ற இடைத்தேர்தலில் 10,128 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். 2016ஆம் ஆண்டு பொதுத்தேர்தலில் அந்த வித்தியாசம் 21,314 ஆக உயர்ந்தது. எனினும், 2021இல் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ஜி. ஸ்டீபனிடம் 5,046 வாக்குகளில் தோல்வியடைந்தார்.

எட்டு கிராம ஊராட்சிகளையும், அகத்தியமலை அடிவாரத்துக் காணி பழங்குடியினரின் குடியிருப்புகளையும் உள்ளடக்கிய தொகுதியின் பிரதிநிதி, ஒரு வார்டுக்குள் சுருங்க முன்வந்தது ஏன்? விடை தேர்தல் முறையில் உள்ளது.

பாலக்காடு மாவட்டம் அட்டப்பாடியில் உள்ள அகளி போன்ற ஊர்களில் வாக்காளர் ஒரே நாளில் மூன்று வாக்குகளைப் பதிவு செய்கிறார்: கிராம ஊராட்சிக்கு ஒன்று, வட்டார ஊராட்சிக்கு ஒன்று, மாவட்ட ஊராட்சிக்கு ஒன்று. மாநகராட்சியிலோ வார்டு உறுப்பினருக்கு அளிக்கும் ஒரு வாக்கு மட்டுமே. மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. கவுன்சிலர்களே தங்களுக்குள் ஒருவரைத் தேர்வு செய்கின்றனர். 1996இல் சென்னையில் மு.க. ஸ்டாலின் மக்களின் நேரடி வாக்கில் மேயரானதைப் போன்ற வழி கேரளத்தில் இல்லை. ஆகவே, மேயர் நாற்காலியை விரும்புபவர், எத்தனை பெரிய பதவியில் இருந்தவராயினும், முதலில் ஒரு வார்டில் வென்றாக வேண்டும். ஐக்கிய ஜனநாயக முன்னணி சபரிநாதனை மேயர் வேட்பாளராக முன்னிறுத்தியதால்தான் அவர் கவடியாருக்கு வந்தார்.

ஆனால் கணக்கு பலிக்கவில்லை. 101 வார்டுகளில் விழிஞ்ஞத்தில் மட்டும் தேர்தல் ஒத்திவைக்கப்பட்டது. மற்ற 100இல் பாஜக தலைமையிலான கூட்டணி 50 இடங்களையும், இடதுசாரி முன்னணி 29 இடங்களையும் பெற்றன. ஐக்கிய முன்னணிக்கு 19 இடங்களே கிடைத்தன. டிசம்பர் 26ஆம் தேதி நடைபெற்ற மேயர் தேர்தலில், சுயேச்சை ஒருவரின் ஆதரவுடன் 51 வாக்குகள் பெற்று பாஜகவின் வி.வி. ராஜேஷ் மேயரானார். சபரிநாதனுக்கு விழுந்த வாக்குகளில் இரண்டு செல்லாதவையாயின.

இதன்பின் எஞ்சியிருப்பது, மூன்றாவது பெரிய அணியில் அமர்ந்துள்ள ஒரு கவுன்சிலரின் பணி. சட்டம் இயற்றும் அவையில் பேசியவர், இனித் தெருவிளக்கு, கழிவுநீர் ஓடை, குப்பை அகற்றம் பற்றிக் கேள்வி எழுப்ப வேண்டும். இதைச் சிறிய வேலை என்று சொல்லிவிட முடியாது. குழாயில் தண்ணீர் வராவிட்டால் மக்கள் முதலில் அழைப்பது கவுன்சிலரைத்தான். தலைநகருக்குக் குடிநீர் வருவதும், அவர் முன்பு பிரதிநிதியாக இருந்த அருவிக்கரையின் அணையிலிருந்தே.

சபரிநாதன் மட்டுமல்ல. வடக்காஞ்சேரி முன்னாள் எம்எல்ஏ அனில் அக்கரை இதே தேர்தலில் திருச்சூர் மாவட்டம் அடாட் கிராம ஊராட்சியின் வார்டு ஒன்றில் வென்றார். எதிர்த்திசையில் சென்றவர் வி.கே. பிரசாந்த், திருவனந்தபுரம் மேயராக இருந்து, 2019இல் வட்டியூர்க்காவு எம்எல்ஏ ஆனவர்.

அந்தப் பிரசாந்தின் அலுவலகமே புதிய மாமன்றத்தின் முதல் சர்ச்சைகளில் ஒன்றானது. சாஸ்தமங்கலத்தில் மாநகராட்சிக் கட்டடத்தில் இயங்கிய எம்எல்ஏ அலுவலகத்தைக் காலி செய்து தருமாறு அந்த வார்டின் பாஜக கவுன்சிலரும், முன்னாள் டிஜிபியுமான ஆர். ஸ்ரீலேகா கேட்டார். எம்எல்ஏ விடுதியில் அறை இருக்கும்போது மாநகராட்சி அறை எதற்கு என்று சமூக ஊடகத்தில் வினவியவர், முன்னாள் எம்எல்ஏவான சபரிநாதன்.