எத்தனை நாளைக்குத்தான் காய்ச்சல்னே எழுதறது?

ஒரு சின்ன டெஸ்ட். கண்ணை மூடிக்கிட்டு ஒரு லீவ் லெட்டர் சொல்லுங்க பார்ப்போம். இங்கிலீஷ்ல!

'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்...' கரெக்டா?

அக்கா கல்யாணம், குலதெய்வம் கோயில் கிடா வெட்டு, தாத்தா காரியம், ரிலீஸ் அன்னிக்கே பார்த்த படம்... காரணம் எதுவா இருந்தாலும் லெட்டர்ல நமக்கு வர்றது காய்ச்சல் மட்டும்தான். நாம பொய் சொல்றதுல கில்லாடிங்கிறதால இல்லை. இங்கிலீஷ்ல நமக்கு மனப்பாடமா தெரிஞ்ச ஒரே லெட்டர் அதுதான்!

சிரிச்சாச்சா? இனி கொஞ்சம் சீரியஸ்.

நான் இன்ஜினீயரிங் முதல் வருஷம் படிச்சப்போ ஹாஸ்டல்ல என் ரூம்மேட் ஒருத்தன். பொள்ளாச்சிப் பக்கம் கிராமம். தமிழ் மீடியம். ப்ளஸ் டூ கணக்குல பின்னிப் பெடலெடுத்தவன். ஒருநாள் போன் வந்துச்சு, ஊருக்குக் கிளம்பிட்டான். பன்னிரண்டு நாள் ஆளையே காணோம். திரும்பி வந்தவன் துறைத்தலைவர்கிட்டே நீட்டின லெட்டர்ல இருந்ததும் அதே காய்ச்சல்தான்.

"பன்னிரண்டு நாளா என்னப்பா காய்ச்சல்? டாக்டர் சர்டிஃபிகேட் எங்கே?"

பையன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னான். ஏற்கெனவே அட்டெண்டன்ஸ் 75 சதவிகிதத்துக்கு ஒட்டி ஒட்டி ஓடிக்கிட்டிருந்தது. இந்தப் பன்னிரண்டு நாளும் போச்சுன்னா செமஸ்டர் எழுத முடியாது. லெட்டர் திரும்பி வந்துடுச்சு.

அன்னிக்கு சாயங்காலம் எங்க இங்கிலீஷ் மேடம் அவனைப் பிடிச்சாங்க. "நிஜமாவே காய்ச்சலாடா?"

"இல்ல மேடம். அப்பா தென்னை மரத்துல இருந்து விழுந்துட்டாரு. ஆஸ்பத்திரியில நான்தான் இருந்தேன்."

"அதையே எழுத வேண்டியதுதானே?"

அவன் சொன்ன பதிலை நான் இன்னிக்கு வரைக்கும் மறக்கலை. "அதுக்கு லெட்டர் கைடுல இல்ல மேடம்."

தப்பு எங்கே?

பன்னிரண்டு வருஷம் இங்கிலீஷ் படிச்ச பையன் அவன். கட்டுரை எழுதியிருக்கான், மார்க்கும் வாங்கியிருக்கான். ஆனா, அவன் மனசுல இருக்கிற ஒரு விஷயத்தை அவனே இங்கிலீஷ்ல எழுதினதே இல்லை. போர்டுல இருக்கிறதை நோட்டுல ஏத்தினான், நோட்டுல இருக்கிறதைப் பேப்பர்ல இறக்கினான். இதுக்குப் பேர் எழுத்து இல்லை பாஸ், லோடு அடிக்கிறது!

மேடம் என்ன செஞ்சாங்க தெரியுமா? சிவப்புப் பேனாவைத் தொடவே இல்லை. "நடந்ததை முதல்ல தமிழ்ல சொல்லு"ன்னாங்க. சொன்னான். "இப்போ உனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல எழுது. தப்பா இருந்தா பரவாயில்லை, நிறுத்தாம எழுது."

எழுதினான். 'மை ஃபாதர் கோகனட் ட்ரீ கிளைம்பர். ஹி ஃபால் டவுன் ட்ரீ. ஹிப் போன் பிரேக். ஐ ஒன்லி ஸ்டே ஹாஸ்பிடல். மை மதர் டெய்லி ஒர்க் கோயிங்.'

நாமளா இருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்போம். மேடம் சிரிக்கலை. கேள்வி கேட்டாங்க. எந்தத் தேதியில விழுந்தார்? எந்த ஆஸ்பத்திரி? ராத்திரி கூட இருக்க வேற ஆளே இல்லையா? "இல்ல மேடம், அம்மா வேலைக்குப் போகலைன்னா மருந்து வாங்கக் காசு இருக்காது. தங்கச்சி சின்னப் பொண்ணு." "அப்போ இதுதானேடா லெட்டரோட உயிரே... இதை எழுது!"

இரண்டாவது தடவை அதையும் சேர்த்து எழுதினான். "இதைப் படிக்கிறவருக்கு முதல்ல என்ன தெரியணும்?"னு அடுத்த கேள்வி. தேதியும் காரணமும் மேலே போச்சு, வேண்டுகோள் கீழே வந்தது. மூணாவது தடவைதான் இலக்கணம். அதுவும் ஒரே ஒரு விஷயம்: நடந்து முடிஞ்சதை இறந்த காலத்தில் எழுது. 'ஃபால்' எல்லாம் 'ஃபெல்' ஆச்சு, 'கோயிங்' எல்லாம் 'வென்ட்' ஆச்சு. அவ்வளவுதான்!

மறுநாள் துறைத்தலைவர் அந்த லெட்டரை முழுசாப் படிச்சார். ஆஸ்பத்திரி சீட்டு ஜெராக்ஸ் மட்டும் கேட்டு வாங்கிக்கிட்டு கையெழுத்துப் போட்டார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்: "அப்பா இப்ப எப்படிப்பா இருக்கார்?"

லெட்டர்ல ரெண்டு மூணு 'தி' விட்டுப்போயிருந்தது. அவர் அதைப் பத்திக் கேட்கவே இல்லை.

உங்க தப்புல தமிழ் இருக்கு!

'ஐ ஒன்லி ஸ்டே'னு ஏன் எழுதினான்? 'நான்தான் இருந்தேன்'ல இருக்கிற அந்த 'தான்', 'ஒன்லி'யா மாறி வந்து உட்கார்ந்துக்கிச்சு. 'எஸ்டர்டே ஒன்லி ஐ கேம்'னு நாம சொல்றதும் 'நேத்துதான் வந்தேன்'தான். 'டிஸ்கஸ் அபவுட்'னு எழுதறோமே... 'அதைப் பத்திப் பேசினோம்'ல இருக்கிற 'பத்தி' அது! தமிழ்ல வினைச்சொல் கடைசியில வரும். அதான் 'ஒர்க் கோயிங்'. இங்கிலீஷ்ல இருக்கிற மாதிரி 'தி'ங்கிற சமாச்சாரம் தமிழ்ல கிடையாது. அதான் அது அடிக்கடி காணாமப் போகுது.

அதாவது, அவன் தப்புக்கெல்லாம் ஒரு கணக்கு இருக்கு. பிட் கார்டர்ங்கிற மொழியியலாளர் 1967-லேயே இதைச் சொல்லிட்டார். கத்துக்கிறவன் செய்ற தப்பு, அவன் மூளை அந்த மொழியோட விதிகளைத் தேடிக்கிட்டிருக்குங்கிறதுக்கு அடையாளம்னு. தப்பே செய்யாதவன் தேடவே ஆரம்பிக்கலைன்னும் அர்த்தமாகலாம் இல்லையா?

எழுதுறதைப் பத்தியும் ஒரு ஆய்வு உண்டு. 1983-ல விவியன் ஸாமெல்ங்கிற அமெரிக்கப் பேராசிரியை, இங்கிலீஷை இரண்டாம் மொழியா படிக்கிற ஆறு மாணவர்கள் எப்படி எழுதுறாங்கன்னு கூடவே இருந்து கவனிச்சாங்க. நல்லா எழுதினவங்க முதல்ல சொல்ல வர்ற விஷயத்தைப் பிடிச்சாங்க, மாத்தி மாத்தி எழுதினாங்க, மொழியைச் சரிபார்க்கிறதைக் கடைசிக்கு வெச்சுக்கிட்டாங்க. திணறினவர் ஆரம்பத்துலயே சின்னச் சின்ன விஷயத்துல சிக்கிக்கிட்டார். நம்ம மேடம் செஞ்சது கிட்டத்தட்ட இதேதான்!

'அப்போ தப்பைத் திருத்தவே வேணாமா?'னு கேக்கறீங்களா? இதுக்குப் பெரிய சண்டையே நடந்திருக்கு. எழுத்து வகுப்புல இலக்கணத் திருத்தமே வேண்டாம், அதனால பலனில்லைன்னு 1996-ல ஜான் டிரஸ்காட் எழுதினார். 'அப்படி ஒரேயடியா சொல்லிட முடியாது'ன்னு 1999-ல டானா ஃபெரிஸ் பதில் எழுதினாங்க. விவாதம் ஓயலை. ஆனா, பேப்பர் முழுக்க சிவப்பா வழிஞ்சா மாணவன் அதை மடிச்சு பைக்குள்ள வெச்சுடுவான்னு நமக்கே தெரியும். ஒரு தடவைக்கு ஒண்ணு ரெண்டு தப்பைக் காட்டி, அவனையே திரும்ப எழுத வெச்சா, அது கையில ஒட்டும்.

யாழ்ப்பாணத்து ஓரக் குறிப்புகள்

இன்னொரு மேட்டர். சுரேஷ் கனகராஜா தெரியுமா? யாழ்ப்பாணத் தமிழர். பின்னாளில் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். அதுக்கு முன்னாடி, போர் நடந்த காலத்துல, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துல இங்கிலீஷ் கத்துக்கொடுத்தார். பாடப்புத்தகமோ அமெரிக்க வாழ்க்கையைப் பத்தினது. மாணவர்கள் வகுப்புல அமைதியா இருந்தாங்க. ஆனா, அவங்க புத்தகத்தோட ஓரங்களைப் பார்த்தா... கிறுக்கல், படம், கமென்ட்னு ஒரு தனி உலகமே இருந்தது! பாடத்துல தங்களுக்கு இடமில்லாத பசங்க ஓரத்துல இடம் பிடிச்சுக்கிட்டாங்க. 1999-ல வந்த தன் புத்தகத்துல அவர் இதை விரிவா எழுதியிருக்கார்.

உங்க நோட்டோட கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்க. லெக்சரருக்கு வெச்ச பட்டப்பேர், பாதிக் கவிதை, கேன்டீன் கணக்கு... எழுதத் தெரியாதவங்களா நீங்க? சொல்ல விஷயம் எக்கச்சக்கமா இருக்கு. அது முன்பக்கத்துக்கு வரலை, அவ்வளவுதான்.

சரி, என்ன செய்யலாம்?

* தினமும் பத்து நிமிஷம், நிறுத்தாம எழுதுங்க. வார்த்தை வரலையா? அந்த இடத்துல தமிழ் வார்த்தையையே போட்டுட்டு நகருங்க. அகராதியை அப்புறம் பார்க்கலாம்.

* 'கிராமத்தின் பெருமை' மாதிரி தலைப்பெல்லாம் வேணாம். இன்னிக்கு பஸ்ல நடந்த சண்டை, மெஸ் சாம்பார், வீட்டுக்குப் போன் பண்ணினது... உங்களுக்கு மட்டுமே தெரிஞ்சதை எழுதுங்க.

* ரூம்மேட்கிட்டே படிக்கக் கொடுங்க. அவர் தப்புக் கண்டுபிடிக்கக் கூடாது. 'இது எனக்குப் புரியலை', 'அப்புறம் என்னாச்சு?' இந்த ரெண்டு மட்டும்தான் சொல்லலாம்.

* அடுத்த நாள் அதையே திரும்ப எழுதுங்க. அப்போ ஒரே ஒரு தப்பை மட்டும் துரத்துங்க. இந்த வாரம் இறந்த காலம், அடுத்த வாரம் 'தி'.

'இதெல்லாம் எதுக்கு பாஸ்? செல்போன்ல ஏஐ கிட்டே கேட்டா அரை நிமிஷத்துல லெட்டர் ரெடி'ங்கிறீங்களா? ரெடிதான், ஒரு 'தி' கூட விட்டுப்போகாது. ஆனா, உங்க அப்பா மரத்துல இருந்து விழுந்ததும், ராத்திரி நீங்க மட்டும் முழிச்சிருந்ததும் அதுக்குத் தெரியாது. நீங்க சொன்னாத்தான் உண்டு. சொல்லலைன்னா அதுவும் புது மாடல் கைடுதான். காய்ச்சல்னுதான் எழுதித் தரும், இன்னும் கொஞ்சம் ஸ்டைலா!

உங்கள்ல சிலர் நாளைக்கு பி.எட். முடிச்சுட்டு சாக்பீஸோட நிக்கப் போறீங்க. பலர் இப்பவே பக்கத்து வீட்டுப் பொடிசுகளுக்கு டியூஷன் எடுக்கறீங்க. அந்தப் பையன் நோட்டை நீட்டும்போது, சிவப்புப் பேனாவை எடுக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "அப்புறம் என்னடா ஆச்சு?"

என் ரூம்மேட் அந்த செமஸ்டர் எழுதினான், பாஸும் பண்ணினான். அந்த லெட்டரோட முதல் பிரதியை, அதான் எல்லாமே தப்பா இருந்த அந்த அஞ்சு வரிப் பேப்பரை, ரொம்ப நாள் பெட்டியில வெச்சிருந்தான். "ஏன்டா இதை வெச்சிருக்கே?"னு ஒருதடவை கேட்டேன்.

"நானா எழுதின முதல் இங்கிலீஷ்டா இது"ன்னான்.

உங்களோடது எங்கே?