‘ஹஜார் சுராஷிர் மா’: துயரம் உறையும் ஆறாம் வேற்றுமை

புதினம் ஒன்றில் எதிர்பார்ப்பு என்பது பெரும்பாலும் ‘அடுத்து என்ன நிகழும்’ என்னும் வினாவிலிருந்து எழுவது. மகாசுவேதா தேவி (1926–2016) வங்காள மொழியில் எழுதி, 1974-இல் நூலாக வெளிவந்த ‘ஹஜார் சுராஷிர் மா’ இவ்வினாவைத் தொடக்கத்திலேயே கைவிட்டுவிடுகிறது. நக்சலைட்டு இயக்கத்தில் சேர்ந்த மகன் கொல்லப்பட்டு ஈராண்டுகள் கழிந்தன என்பதை வாசகர் விரைவிலேயே அறிகிறார். எஞ்சி நிற்கும் வினா வேறு: இறந்தவன் யார்? அவனைப் பெற்ற சுஜாதாவே அவனை முழுதும் அறியாதவள். அவன் பிறந்த நாளும், அவன் இறந்த செய்தி வந்த நாளும், இப்போது அக்காள் துலியின் திருமண உறுதி விருந்து நடைபெறும் நாளும் ஒன்றே. அந்த ஒரு நாளின் காலை முதல் இரவு வரை, நான்கு பகுதிகளில், பிறர் வாய்ச்சொல் வழியே அவள் தன் மகனை அறிந்துகொள்கிறாள். இப்புதினத்தின் துயரமும் எதிர்பார்ப்பும் எத்தகைய இலக்கணக் கூறுகளைப் பற்றி நிற்கின்றன என்பது மொழிபெயர்ப்போர் கருதத்தக்கது.

தலைப்பிலிருந்தே தொடங்கலாம். ‘ஹஜார் சுராஷி’ என்பது 1084, ‘-ர்’ ஆறாம் வேற்றுமை உருபு, ‘மா’ அம்மா. பிணக் கிடங்கில் மகனது உடலுக்கு இடப்பட்ட எண்ணே 1084. இது வலிந்து அமைத்த தொடர் போலத் தோன்றினும், வங்காளியர்க்கு மிகப் பழகிய ஓர் அச்சில் வார்க்கப்பட்டதே. பிள்ளையின் பெயரைக் கொண்டு தாயைச் சுட்டும் வழக்கு அங்கு இயல்பானது. புதினத்திலேயே, விரதியுடன் கொல்லப்பட்ட சோமுவின் தாய் ‘சோமுர் மா’ என்றே வருகிறாள். அவளுக்கென்று வேறு பெயர் வேண்டப்படவில்லை. அரசு செய்தது, அன்றாட வழக்கின் அச்சைச் சிதைக்காமல், பெயர் நிற்க வேண்டிய இடத்தில் எண்ணை நிறுத்தியதே. தந்தை திவ்யநாத் தம் செல்வாக்கைக் கொண்டு செய்தித்தாளில் மகனின் பெயர் வராமற் செய்கிறார். இவ்வாறு பெயரை நீக்கியது குடும்பம்; எண்ணை இட்டது காவல்துறை. ‘சோமுர் மா’வும் ‘ஹஜார் சுராஷிர் மா’வும் ஒரே அச்சின் இரு நிறைவுகள் என்பதை உணராத மொழிபெயர்ப்பில் தலைப்பு வெறும் அதிர்ச்சித் தொடராகச் சுருங்கிவிடும்.

சமிக் பந்தோபாத்யாயின் ஆங்கில மொழிபெயர்ப்பிலும் (1997) தலைப்பின் பொருள் குறைவின்றி உள்ளது. ஆயினும் ஆங்கிலத் தொடரில் தாய் முன்னும் எண் பின்னுமாக முறை மாறுவதோடு, பிள்ளை பெயரால் தாயை அழைக்கும் வழக்கும் ஆங்கிலத்தில் வேரூன்றியதன்று. கோவிந்த் நிஹலானியின் இந்தித் திரைப்படத் தலைப்பு (1998) மூல அச்சை எளிதாகக் காத்துக்கொண்டது. தமிழுக்கும் அவ்வாய்ப்பு உண்டு. ஒரு சிறு தடையும் உண்டு. பேச்சுத் தமிழில் உருபு தொக்கு ‘சோமு அம்மா’ என வருவது இயல்பு. ஆனால் ‘1084 அம்மா’ என்றால் எண், அடையாளமாகாமல் எண்ணிக்கையாகிவிடும். ஆகவே ‘1084-இன் அம்மா’ என உருபு விரிந்தே நிற்றல் வேண்டும். புதினத்துள் சோமுவின் தாயையும் ‘சோமுவின் அம்மா’ என விரித்தே எழுதினால்தான் இரண்டும் ஓரச்சு என்பது புலப்படும். ‘தாய்’ என்னும் சொல் இங்குப் பொருந்தாது. அது சுட்டும் சொல். அன்றாடப் பேச்சில் பெற்றவளை அதனால் விளிப்பது அரிது.

மகனின் பெயரும் ஒரு சிக்கலைத் தருகிறது. வங்காள ஒலிப்பை ஒட்டி ‘பிரதி’ என்று எழுதினால் தமிழில் அது படியையோ நகலையோ குறிக்கும். வடமொழி மூலத்தை ஒட்டி ‘விரதி’ எனக் கொண்டால் ஒலி சற்று விலகினும், நோன்பு பூண்டவன் என்னும் பொருள் தெளிவாகும். அப்பொருள் கதைக்குப் புறம்பானதன்று.

இவற்றினும் கடினமானது பிணக் கிடங்குக் காட்சி. வங்காள வினைமுற்று இடத்தையும் மரியாதையையும் காட்டும். திணை, பால் காட்டாது. ‘பொடே சிலோ’ என்னும் முற்று கிடந்தவனுக்கும் கிடந்ததற்கும் பொதுவானது. எழுவாய் தோன்றாத இடத்தில், கிடப்பது மகனா உடலா என்பதை வாக்கியம் முடிவு செய்யாமலே விட இயலும். தமிழில் அது முடியாது. ‘கிடந்தான்’ அல்லது ‘கிடந்தது’ என ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உயிர், உடம்பு ஆகிய சொற்கள் உயர்திணையைச் சார்ந்து நின்றாலும் பால் பிரிந்து இசையா என்று தொல்காப்பியக் கிளவியாக்கம் வகுத்திருப்பது இங்கு நினைவுகூரத்தக்கது. இலக்கணப்படி உடல் ‘கிடந்தது’. தாய்க்கு அவன் ‘கிடந்தான்’. ‘கிடந்த நிலையில்’ எனப் பெயரெச்சமாக்கி முற்றைத் தவிர்ப்பது ஒரு வழி. ஆனால் எல்லா இடத்தும் தவிர்த்தால் நடை மழுங்கும். காவலர் வாயில் அஃறிணை முற்றையும் சுஜாதாவின் எண்ணத்தில் உயர்திணை முற்றையும் வைத்தல் இதனினும் பொருத்தமானது. எண்ணுக்கும் பெயருக்கும் இடையே தலைப்பு காட்டும் பூசலை, வங்காள மொழிக்கு இல்லாத ஒரு கருவியால் தமிழ் முற்றிலும் காட்டலாம்.

காலங்காட்டலில் நிலைமை தலைகீழ். வங்காளத்தின் ‘-சிலோ’ இறுதி கொண்ட இறந்தகாலம், வேறொரு நிகழ்ச்சியைச் சாராமலே ‘நெடுநாள் முன் நிகழ்ந்தது’ என்னும் பொருளில் தடையின்றி வழங்கும். தமிழின் ‘போயிருந்தான்’ அத்தகையதன்று. அது ‘எப்போது, எதற்கு முன்’ என்னும் வினாவை எழுப்பிக்கொண்டே இருக்கும். ஓரிடமும் விடாது ‘-இருந்தான்’ என்று பெயர்த்தால் வாசகர் களைத்துப்போவார். எங்கும் விட்டுவிட்டால் விருந்து நாளும் ஈராண்டுக்கு முந்தைய இரவும் கலந்துவிடும். நினைவு தொடங்கும் முதல் முற்றில் மட்டும் ‘-இருந்தான்’ அமைத்து, பின்னர் எளிய இறந்தகாலத்திற்கு மாறுவது பெரும்பாலான இடங்களில் போதும்.

பிறர் கூற்றைப் பெயர்ப்பதிலும் விழிப்பு வேண்டும். கொலை நிகழ்ந்த இரவைச் சோமுவின் அம்மா சொல்கிறாள். காட்டிக்கொடுத்தவன் தோழர்களுள் ஒருவனே என்பதை, சிறையில் வதைபட்டு மீண்ட நந்தினி சொல்கிறாள். புதினத்தின் எதிர்பார்ப்பு முழுவதும் இவ்விருவர் கூற்றிலும்தான் அவிழ்கிறது. தமிழின் ‘-ஆம்’ பிறர் கூற்றைத் தெரிவிப்பதோடு ஐயத்தையும் சேர்த்துக்கொள்வது. ‘கூப்பிட்டார்களாம்’ என்று ஒரு முறை எழுதினாலும் சோமுவின் அம்மா தன் வாசலில் நிகழ்ந்ததை ஊர்ப்பேச்சாகச் சொல்பவளாகிவிடுவாள். அவள் பேச்சில் ‘என்று’ மட்டுமே வரவேண்டும். ‘-ஆம்’ உரிய இடம் விருந்துக்கு வந்தோரின் பேச்சு. விரதியைப் பற்றி அவர்கள் அறிந்ததெல்லாம் கேள்விப்பட்டது மட்டுமே.