இந்தியா - பூடான்: மின்சாரம் வளர்க்கும் நட்பு

புது தில்லி: தில்லியில் எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் இந்தியாவுடனான உறவில் பெரிய மாற்றம் காணாத அண்டை நாடு உண்டு என்றால், அது பூடான்தான். மக்கள்தொகை 8 லட்சத்துக்கும் குறைவு. அதன் நாணயமான நுல்ட்ரமின் மதிப்பு இந்திய ரூபாய்க்குச் சமமாக நிர்ணயிக்கப்பட்டுள்ளது. அங்கு செல்லும் இந்தியருக்கு விசா தேவையில்லை. வாக்காளர் அடையாள அட்டையே போதுமானது. இத்தனை நெருக்கம் கொண்ட இந்த உறவின் பொருளாதார அடித்தளம் இமயத்து ஆறுகளில் பிறக்கும் மின்சாரமாகும்.

2025 நவம்பர் 11 அன்று திம்புவில், 1,020 மெகாவாட் திறன் கொண்ட புனாட்சாங்சு-2 நீர்மின் நிலையத்தைப் பிரதமர் நரேந்திர மோடியும் மன்னர் ஜிக்மே கேசர் நாம்கியேல் வாங்சுக்கும் தொடங்கி வைத்தனர். அதே ஆற்றின் மேற்பகுதியில், அதற்கு முன்னதாகவே பணி தொடங்கிய 1,200 மெகாவாட் புனாட்சாங்சு-1 திட்டமோ அணை எழும்பாமல் பல ஆண்டுகளாக நிற்கிறது. இந்திய - பூடான் ஒத்துழைப்பின் வெற்றியையும் அதன் குறையையும் ஒரே ஆற்றின் கரையில் காண முடிகிறது.

நேருவின் மலைப்பயணம்

இரு நாடுகளுக்கும் இடையிலான நட்புறவு உடன்படிக்கை 1949 ஆகஸ்ட் 8-ல் டார்ஜிலிங்கில் கையெழுத்தானது. வெளியுறவு விவகாரங்களில் இந்தியாவின் ஆலோசனைப்படி பூடான் நடந்துகொள்ளும் என்பது அதன் 2-வது பிரிவு. 1958-ல் பிரதமர் ஜவாஹர்லால் நேரு, மகள் இந்திரா காந்தியுடன், சிக்கிமின் நாதுலா கணவாயைக் கடந்து சும்பி பள்ளத்தாக்கு வழியாகப் பூடானை அடைந்தார். வாகனம் செல்லும் சாலை இல்லாத காலம் அது. பூடான் சுதந்திர நாடாக இருந்து, தனது விருப்பப்படி முன்னேற வேண்டும் என்பதே இந்தியாவின் விருப்பம் என்று பாரோவில் நேரு அறிவித்தார்.

1961-ல் பூடானின் முதல் ஐந்தாண்டுத் திட்டம் முழுக்க முழுக்க இந்திய நிதியில் தொடங்கியது. எல்லைச் சாலைகள் அமைப்பின் 'தந்தக்' பிரிவு அதே ஆண்டில் அங்கு சாலை அமைக்கும் பணியில் இறங்கியது. 1971-ல் பூடான் ஐ.நா. சபையில் உறுப்பினராக இந்தியா துணை நின்றது. பூடான் மக்களாட்சியை நோக்கி நடைபோட்ட காலத்தில், 2007 பிப்ரவரியில் பழைய உடன்படிக்கை திருத்தப்பட்டது. 'ஆலோசனை' என்ற பிரிவு நீங்கி, தேச நலன் சார்ந்த விஷயங்களில் நெருங்கி ஒத்துழைப்பது என்ற பிரிவு அந்த இடத்தைப் பெற்றது. இந்தியாவின் சார்பில் அன்றைய வெளியுறவு அமைச்சர் பிரணாப் முகர்ஜி கையெழுத்திட்டார்.

அறுபதுக்கு நாற்பது

பொருளாதார உறவில் திருப்புமுனையாக அமைந்தது சுக்கா திட்டம். 1974-ல் ஒப்பந்தம் ஏற்பட்டு, 1980-களின் பிற்பகுதியில் 336 மெகாவாட் திறனுடன் செயல்படத் தொடங்கியது. செலவில் 60 சதவீதம் இந்தியாவின் மானியம். மீதி 40 சதவீதம் 5 சதவீத வட்டியில் கடன். பூடானின் தேவை போக எஞ்சிய மின்சாரத்தை இந்தியா வாங்கிக்கொள்ளும். கடனைத் திருப்பிச் செலுத்தும் வழியும் அந்த விற்பனையிலிருந்தே கிடைத்தது. கொடுத்தவருக்கு மின்சாரம், பெற்றவருக்கு வருவாய் என்ற இந்த ஏற்பாடு, உதவி பெறுகிறோம் என்ற தாழ்வுணர்ச்சிக்கு இடம் தரவில்லை. பூடானின் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் செலவிடப்பட்ட பணத்தில் கணிசமான பகுதி இந்த வருவாயே.

அடுத்து 60 மெகாவாட் குரிச்சு, 1,020 மெகாவாட் தாலா ஆகியவை வந்தன. 2006-07-ல் இயங்கத் தொடங்கிய தாலாவின் மின்சாரத்தைக் கொண்டுவரச் சிலிகுரியிலிருந்து தில்லியை அடுத்த மண்டோலா வரை புதிய மின்பாதை அமைக்கப்பட்டது. 2019 ஆகஸ்டில் 720 மெகாவாட் மாங்டேச்சு நிலையம் தொடங்கி வைக்கப்பட்டது. அதன் மின்சாரத்துக்கு யூனிட் ஒன்றுக்கு 4 ரூபாய் 12 காசு விலை ஒப்புக்கொள்ளப்பட்டது.

ஆனால் காலப்போக்கில் கணக்கு மாறியது. தாலாவுக்கான கடனுக்கு வட்டி 9 சதவீதம் ஆயிற்று. புனாட்சாங்சு-1 திட்டத்தில் மானியம் 40 சதவீதமாகக் குறைந்தது. மாங்டேச்சு, புனாட்சாங்சு-2 திட்டங்களில் மானியம் 30 சதவீதம்தான். 10 சதவீத வட்டியிலான கடன் 70 சதவீதம். இன்று பூடானின் வெளிநாட்டுக் கடனில் பெரும்பகுதி, நீர்மின் திட்டங்களுக்காக இந்தியாவிடம் வாங்கிய கடனே.

தாமதத்தின் விலை

2020-க்குள் 10,000 மெகாவாட் உற்பத்திக்கு உதவி, உபரி மின்சாரத்தை வாங்குவதாக 2009-ல் இந்தியா உறுதி அளித்தது. 2020 பிறந்தபோது பூடானின் மொத்த நிறுவுதிறன் சுமார் 2,300 மெகாவாட் மட்டுமே. இலக்கில் நான்கில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை.

2008-ல் பணி தொடங்கிய புனாட்சாங்சு-1, முதலில் சுமார் 3,500 கோடி ரூபாயில் திட்டமிடப்பட்டது. 2013-ல் அணை அமையும் இடத்தின் வலது கரையில் மலைச்சரிவு ஏற்பட்டது. அதன் பிறகு மதிப்பீடு 9,000 கோடி ரூபாயைத் தாண்டியது. அணையை அதே இடத்தில் கட்டுவதா, வேறு வழி தேடுவதா என்ற விவாதத்திலேயே ஆண்டுகள் ஓடின. நின்றுபோன அணைப் பணியை மீண்டும் தொடங்க 2025 நவம்பரில்தான் இரு நாடுகளும் உடன்பாடு கண்டன. திட்டம் தாமதமாகும் ஒவ்வோர் ஆண்டும் வட்டி ஏறுகிறது; வருவாயோ வருவதில்லை. பெரிய பொருளாதாரமான இந்தியாவுக்கு இது ஒரு திட்டத்தின் தாமதம். பூடானுக்கோ ஒரு தலைமுறையின் வேலைவாய்ப்பு. அந்நாட்டு இளைஞர்கள் பெரும் எண்ணிக்கையில் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்து வருவதை இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மற்றொரு சிக்கல் பருவகாலம் சார்ந்தது. பூடானின் நிலையங்கள் பெரும்பாலும் ஆற்றின் ஓட்டத்தை நம்பியவை. மழைக்காலத்தில் உபரி மின்சாரத்தை இந்தியாவுக்கு விற்கும் பூடான், நீர் குறையும் குளிர்காலத்தில் இந்தியாவிடமே மின்சாரம் வாங்குகிறது. பெரிய நீர்த்தேக்கத்துடன் கூடிய, சுமார் 2,500 மெகாவாட் சங்கோஷ் திட்டம் இதற்குத் தீர்வாகக் கருதப்பட்டாலும், அது நெடுங்காலமாகப் பேச்சு அளவிலேயே உள்ளது.

2013 தந்த பாடம்

பூடானில் 2013 ஜூலையில் பொதுத் தேர்தல் நடைபெற இருந்த வேளையில், சமையல் எரிவாயு, மண்ணெண்ணெய் ஆகியவற்றுக்கு அளித்துவந்த மானியத்தை இந்தியா நிறுத்தியது. திட்டக்காலம் முடிந்ததால் நேர்ந்த நடைமுறைக் காரணம் என்று தில்லியில் விளக்கப்பட்டது. ஆனால், அன்றைய பிரதமர் ஜிக்மே தின்லே சீனத்துடன் நெருக்கம் காட்டியதற்கான தண்டனை என்றே பூடானில் பலரும் கருதினர். தேர்தலில் தின்லேயின் கட்சி தோற்றது. சில வாரங்களில் மானியமும் திரும்பியது. அடுப்படியைத் தொட்ட அந்த முடிவு ஏற்படுத்திய மனக்கசப்பு எளிதில் மறையவில்லை.

இந்த நட்பு இந்தியாவுக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கும் சான்றுகள் உண்டு. 2003 டிசம்பரில், பூடான் காடுகளில் முகாமிட்டிருந்த உல்ஃபா உள்ளிட்ட தீவிரவாத அமைப்புகளை அந்நாட்டு ராணுவம் விரட்டியடித்தது. 2017-ல் டோக்லாம் பீடபூமியில் சீனா சாலை அமைக்க முயன்றபோது இந்தியப் படையினர் 70 நாள்களுக்கும் மேலாக எதிர்கொண்டு நின்றனர். வடகிழக்கு மாநிலங்களை நாட்டின் பிற பகுதிகளுடன் இணைக்கும் குறுகிய சிலிகுரி நிலப்பகுதியின் பாதுகாப்பு இதில் அடங்கியுள்ளது.

புதிய வாய்ப்புகள்

அரசுகளுக்கு இடையிலான ஏற்பாடாக இருந்துவந்த மின்துறை ஒத்துழைப்பில் இப்போது தனியார் நிறுவனங்கள் நுழைந்துள்ளன. 2014-ல் பிரதமர் மோடி அடிக்கல் நாட்டிய 600 மெகாவாட் கோலோங்சு திட்டத்தில், இந்தியப் பொதுத்துறை நிறுவனம் விலகிய பின் 2024-ல் டாடா பவர் 40 சதவீதப் பங்குதாரராகச் சேர்ந்தது. 570 மெகாவாட் வாங்சு திட்டத்துக்கு 2025-ல் அதானி நிறுவனத்துடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. இரண்டிலும் பெரும்பான்மைப் பங்கு பூடான் அரசு நிறுவனமான ட்ரூக் கிரீன் பவரிடமே உள்ளது.

பூடானின் 13-வது ஐந்தாண்டுத் திட்டத்துக்கு 10,000 கோடி ரூபாய் உதவியை 2024-ல் இந்தியா அறிவித்தது. அசாமின் கோக்ரஜாரிலிருந்து கெலெபு வரையிலும், மேற்கு வங்கத்தின் பனார்ஹட்டிலிருந்து சம்சே வரையிலும் மொத்தம் சுமார் 89 கி.மீ. நீளத்துக்கு, 4,033 கோடி ரூபாய் மதிப்பில் ரயில் பாதைகள் அமைக்கப்படும் என்று 2025 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. ரயிலையே காணாத பூடானுக்கு, மன்னரின் கனவான கெலெபு புதுநகரத் திட்டத்துக்கு இது உயிர்நாடியாக அமையும்.

அறிவிப்புகளுக்குக் குறைவில்லை. குறித்த காலத்தில் முடிப்பதும், விலையையும் வட்டியையும் வெளிப்படையாக நிர்ணயிப்பதுமே இனி தில்லியின் முன் உள்ள கடமை. சுக்கா காலத்துத் தாராளம் திரும்பாமல் போகலாம். ஆனால், புனாட்சாங்சு-1 தாமதத்தால் ஏறிய கடன் சுமையை இரு நாடுகளும் எப்படிப் பகிர்ந்துகொள்வது என்பதையாவது பேசித் தீர்க்க வேண்டும். இதைச் செய்தால், பூடானின் அடுத்த தலைமுறையும் இந்தியாவை நம்பத் தயங்காது.