பல்லின் மேல் போடும் பழி

ஆறு மாதக் குழந்தைக்கு எது வந்தாலும் நம் வீடுகளில் விளக்கம் தயாராக இருக்கிறது. இரவெல்லாம் அழுகிறதா? பல்லு முளைக்குது. வயிற்றால் போகிறதா? பல்லு பேதி, தானா நின்னுடும். உடம்பு கொதிக்கிறதா? பல்லு வர்ற சூடு, பயப்படாதே. பாட்டி சொன்னதை அம்மா நம்பினார். அம்மா சொல்வதை இன்று பிள்ளை பெற்ற மகளும் நம்புகிறாள்.

இந்த நம்பிக்கை நம்மோடு நிற்பதல்ல. 1839-ஆம் ஆண்டு இங்கிலாந்து, வேல்ஸ் அரசுப் பதிவேட்டில் 5,016 பேரின் இறப்புக்குக் காரணம் ‘பல் முளைத்தல்’ என்றே எழுதப்பட்டிருக்கிறது. பல் முளைத்து எந்தக் குழந்தையும் சாவதில்லை. தொற்றும் பேதியும் காய்ச்சலும் வாரிக்கொண்டு போன குழந்தைகளின் கணக்கு பல்லின் பேரில் ஏறியது, அவ்வளவுதான். அந்தக் காலத்து மருத்துவர்கள் பல் வெளியே வர ‘வழிவிட’ ஈறைக் கத்தியால் கீறியும் விட்டார்கள். பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஆம்ப்ருவாஸ் பாரே 16-ஆம் நூற்றாண்டில் பரிந்துரைத்த அந்த முறை சில நூறு ஆண்டுகள் தாக்குப்பிடித்தது.

பல் முளைக்கும் குழந்தைக்கு வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான், செலவும் இல்லை. கடினம் வேறொன்றில் இருக்கிறது. எது பல்லின் வேலை, எது இல்லை என்று பிரித்துப் பார்ப்பதில்.

எந்தப் பல், எப்போது?

பால்பற்கள் மொத்தம் 20. அவற்றின் முளைகள் குழந்தை கருவில் இருக்கும்போதே உருவாகத் தொடங்கிவிடுகின்றன. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆறு மாதத்தை ஒட்டி முதல் பல் தலைகாட்டும். நான்காம் மாதத்திலேயே வந்தாலும் சரி, முதல் பிறந்தநாள் வரை வராவிட்டாலும் சரி, கவலை வேண்டாம். ஒன்றரை வயதாகியும் ஒரு பல்லும் இல்லையென்றால் மருத்துவரிடம் காட்டலாம்.

வழக்கமாகக் கீழ் முன்பற்கள் இரண்டும் முதலில் வரும். பிறகு மேல் முன்பற்கள், அவற்றின் பக்கத்துப் பற்கள். ஒரு வயதைத் தாண்டியதும் முதல் கடைவாய்ப்பற்கள், அதன்பின் கோரைப்பற்கள், இரண்டு வயதை ஒட்டிக் கடைசிக் கடைவாய்ப்பற்கள். இரண்டரை, மூன்று வயதுக்குள் இருபதும் வந்துவிடும். மேல்பல் முதலில் முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்று சில வீடுகளில் கலங்குவார்கள். வரிசை மாறுவது சாதாரணம். மாமன் நிம்மதியாக இருக்கலாம்.

பல் ஈறைக் கிழித்துக்கொண்டு வருவதாகத்தான் நாம் நினைக்கிறோம். உண்மையில் பல்லைச் சுற்றியுள்ள உறையின் தூண்டுதலால் மேலே இருக்கும் எலும்பும் திசுவும் மெல்ல மெல்லக் கரைந்து வழிவிடுகின்றன. அந்த இடம் லேசாக வீங்கும், சிவக்கும், நமநமக்கும். சில குழந்தைகளுக்கு ஈறில் நீலம் பாய்ந்த சிறு கொப்புளம் தெரியும். பல் வந்ததும் அது தானே மறையும். ஊசியால் குத்த வேண்டியதில்லை.

பல் செய்வது, செய்யாதது

அமெரிக்காவில் 125 குழந்தைகளின் பெற்றோர் நாள்தோறும் வெப்பநிலையையும் அறிகுறிகளையும் குறித்து வைத்த ஆய்வு ஒன்று 2000-ஆம் ஆண்டு வெளியானது. பல் வெளிப்படுவதற்கு முந்தைய நான்கு நாள், வெளிப்படும் நாள், அடுத்த மூன்று நாள் என எட்டு நாள்களில்தான் தொந்தரவு கூடியது. அதுவும் என்ன? கடிக்கும் ஆசை, வாணி ஒழுகுதல், ஈறைத் தேய்த்தல், சிணுங்கல், காதைத் தேய்த்தல், முகத்தில் சிறு தடிப்பு, திட உணவில் நாட்டமின்மை, மிக லேசான வெப்ப உயர்வு. இருமல், வாந்தி, பேதி, கடும் காய்ச்சல் ஆகியவற்றுக்கும் பல்லுக்கும் தொடர்பு தெரியவில்லை.

அப்படியானால் பல் முளைக்கும் வயதில் பேதியும் காய்ச்சலும் வருவது ஏன்? ஆறாம் மாதத்தில் பல விஷயங்கள் ஒன்றுகூடுகின்றன. கருவில் தாயிடமிருந்து வந்த நோய் எதிர்ப்புப் பொருள் அந்த நேரத்தில் குறைந்துவிடும். இணை உணவு தொடங்கும். கிண்ணம், கரண்டி, தண்ணீர் எல்லாம் புதிது. குழந்தை தவழத் தொடங்கித் தரையில் கிடப்பதையெல்லாம் வாயில் வைக்கும். கிருமிக்கு இதைவிட நல்ல வாய்ப்பு வேண்டுமா? அந்த நேரத்தில் பல்லும் எட்டிப்பார்ப்பதால் பழி அதன் மேல் விழுகிறது.

மூன்று மாதத்தில் வாணி ஒழுகுவதும் கையைச் சப்புவதும்கூடப் பல்லுக்கான அறிகுறி என்று எடுத்துக்கொள்ள முடியாது. உமிழ்நீர்ச் சுரப்பி வேலையைக் கூட்டும், கை வாய்க்கு எட்டப் பழகும் வயது அது.

ஈறுக்கு இதம்

முதல் மருந்து அம்மாவின் விரல். கையை சோப்பு போட்டுக் கழுவி, நகத்தை ஒட்ட வெட்டி, ஆள்காட்டி விரலால் ஈறை ஓரிரு நிமிடம் மெதுவாக அழுத்தித் தேயுங்கள். மேலிருந்து கிடைக்கும் அழுத்தம் உள்ளிருந்து வரும் நமநமப்பை அமர்த்தும். குழந்தை தானே விரலைக் கவ்விக்கொள்ளும்.

இரண்டாவது, குளிர்ச்சி. மெல்லிய பருத்தித் துணியைத் துவைத்து, கொதிக்கவைத்து ஆறிய நீரில் நனைத்துப் பிழிந்து, சுத்தமான டப்பாவில் போட்டுக் கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். துணியின் ஒரு நுனியைக் குழந்தை கடிக்க, மறு நுனியை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில், ஆறவைத்த நீரை ஊற்றிய மண்பானையே போதும். ஃப்ரீசரில் மட்டும் வைக்க வேண்டாம். கல்லாக உறைந்த பொருள் ஈறைப் புண்ணாக்கும். ஐஸ் கட்டி தொண்டையில் சிக்கும்.

கடைகளில் விற்கும் டீத்தரும் உதவும். ஒரே துண்டாக வார்த்த, உள்ளே திரவம் இல்லாத, திடமான சிலிக்கானோ ரப்பரோ வாங்குங்கள். திரவம் நிரப்பியவை கடிபட்டு ஒழுகும். வாங்கியதும் அட்டையில் சொன்னபடி கிருமிநீக்கம் செய்யுங்கள்; தரையில் விழுந்தால் கழுவிக் கொடுங்கள்; விரிசல் விட்டால் தூக்கி எறியுங்கள்.

ஆறு மாதம் கடந்த குழந்தைக்குக் குளிர்ந்த தயிர், மசித்த வாழைப்பழம், ஆறிய கூழ் ஆகியவை சாப்பிட இதமாக இருக்கும். இரண்டு நாள் கொஞ்சமாகச் சாப்பிட்டால் விட்டுவிடுங்கள். வாயில் திணிக்க வேண்டாம். கடிக்கட்டும் என்று பச்சை கேரட், முறுக்கு, ரஸ்க் கொடுப்பது நம் ஊர்ப் பழக்கம். ஈறில் நமத்த துண்டு உடைந்து மூச்சுக்குழாயை அடைக்க ஒரு நொடி போதும்.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தை காம்பைக் கடித்தால், பால் கொடுக்குமுன் ஈறைத் தேய்த்துவிட்டுக் கொடுங்கள். கடித்தவுடன் வெடுக்கென இழுத்தால் காம்பில் புண்ணாகும். சுண்டுவிரலைக் குழந்தையின் வாயோரம் நுழைத்துப் பிடியைத் தளர்த்தி எடுங்கள். பல் வந்துவிட்டது என்பதற்காகத் தாய்ப்பாலை நிறுத்தத் தேவையில்லை.

வாணி ஒழுகி முகவாயும் கழுத்து மடிப்பும் சிவந்து போகும். தேய்க்காமல் மென்துணியால் ஒற்றியெடுத்து, தேங்காய் எண்ணெயையோ பெட்ரோலியம் ஜெல்லியையோ மெல்லிசாகத் தடவுங்கள். நனைந்த சட்டையை அவ்வப்போது மாற்றுங்கள். இரவில் கவனத்தைத் திருப்ப ஒன்றும் இல்லாததால் சிணுங்கல் கூடும். தோளில் போட்டுத் தட்டிக்கொடுப்பதும் பாட்டுப் பாடுவதும் அப்போது கைகொடுக்கும்.

பாராசிட்டமால்: மில்லியில் மறைந்திருக்கும் ஆபத்து

இவற்றுக்கெல்லாம் அடங்காமல் குழந்தை அழுதால், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு பாராசிட்டமால் கொடுக்கலாம். அளவு, வயதைவிட எடையைப் பொறுத்தது. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது வழக்கம்.

இங்கேதான் தவறு நடக்கிறது. நம் மருந்துக்கடைகளில் கிடைக்கும் சொட்டு மருந்தில் பெரும்பாலும் 1 மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் உண்டு, 250 மில்லிகிராமும் உண்டு. 125 சிரப்புக்குச் சொன்ன மில்லி அளவைச் சொட்டு மருந்தில் கொடுத்தால் குழந்தைக்குள் போவது நான்கு மடங்கு. கல்லீரல் அதைத் தாங்காது. அட்டையில் உள்ள செறிவைப் படித்துவிட்டு, பாட்டிலோடு வந்த டிராப்பரால் மட்டும் அளந்து கொடுங்கள். சமையலறைக் கரண்டி வேண்டாம். ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு அறவே ஆகாது.

ஈறில் தடவக்கூடாதவை

பல் நோவுக்குக் கொடுத்த மருந்தே குழந்தைகளைக் கெடுத்த வரலாறு நீளமானது. பிரிட்டனில் பல ஆண்டுகள் விற்ற பல் பவுடர்களில் கலோமெல் என்ற பாதரச உப்பு இருந்தது. அதைத் தின்ற குழந்தைகளுக்குக் கைகாலெல்லாம் சிவந்து வலிக்கும் ‘பிங்க் நோய்’ வந்தது. 1954-இல் அந்தப் பவுடர்களிலிருந்து பாதரசம் நீங்கியதும் நோய் வற்றியது. 2008-இல் நைஜீரியாவில் விற்ற பல் முளைப்பு சிரப் ஒன்றில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்ததால் 80-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர்.

மரத்துப்போகச் செய்யும் பென்சோகெய்ன் ஜெல்லை இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குத் தடவ வேண்டாம் என்று 2018-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை அது கெடுத்துவிடலாம். லிக்னோகெய்ன் ஜெல் உள்ளே போனால் வலிப்பு வரலாம். கோலின் சாலிசிலேட் உள்ள வாய்ப்புண் ஜெல் ஆஸ்பிரின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒழுகும் வாணி எல்லா ஜெல்லையும் சில நிமிடங்களில் கழுவிவிடுவதால் கிடைக்கும் பலனும் சொற்பம்.

நம் வீட்டு அலமாரியிலும் சில இருக்கின்றன. கிராம்பு எண்ணெய் சிறிதளவு உள்ளே போனாலும் பச்சிளம் கல்லீரலைப் பாதிக்கும். தேன், ஒரு வயது நிறையும் வரை கூடவே கூடாது. அதிலிருக்கக்கூடிய பாட்டுலினம் கிருமி குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். வெங்காரத்தைத் தேனில் குழைத்துத் தடவுவது இரட்டை ஆபத்து. பிராந்தியைத் தொட்டு வைப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கையில் கட்டிய வசம்பு வளையலைக் குழந்தை கடித்துக்கொண்டே இருந்தால் நூல் நைந்து, துண்டு தொண்டைக்குப் போகும். கழுத்தில் மாட்டும் ‘பல் மாலை’யும் அப்படித்தான், மணி உதிர்ந்து தொண்டை அடைக்கலாம், தூக்கத்தில் கழுத்தை இறுக்கலாம்.

பல்லின் கணக்கில் எழுதக் கூடாதவை

தெர்மாமீட்டர் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் அது காய்ச்சல். காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தை என்றால் அந்த நிமிடமே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். தண்ணீராகப் பேதி போனால் பல்லுக்காகக் காத்திருக்காமல் ஓ.ஆர்.எஸ். தொடங்குங்கள், தாய்ப்பாலைத் தொடருங்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் துத்தநாக மாத்திரை கேளுங்கள். ஆறு மாதம் கடந்த குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் வீதம் 14 நாள், பேதி நின்ற பிறகும் கொடுத்து முடிக்க வேண்டும்.

பால் குடிக்க மறுப்பது, குடித்ததையெல்லாம் வாந்தியெடுப்பது, துவண்டு கிடப்பது, வலிப்பு, மூச்சு வாங்குவது, கண் குழிவது, பல மணி நேரம் சிறுநீர் போகாமல் இருப்பது, மலத்தில் ரத்தம்: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐ அழையுங்கள். ஒரு பக்கக் காதை மட்டும் இழுத்து இழுத்து அழுதால் காதில் சீழ் பிடித்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

பல் வந்த பிறகு

யாழ்ப்பாணத்துத் தமிழ் வீடுகளில் முதல் பல் வந்ததும் பல்லுக் கொழுக்கட்டை அவிப்பார்கள். கொழுக்கட்டையில் தேங்காய்ச் சொட்டைப் பல் போலப் பதித்து, குழந்தையின் தலைக்கு மேல் கொட்டி, புத்தகம், பேனா, நகை என்று முன்னால் பரப்பி வைத்து, எதை எடுக்கிறது என்று பார்ப்பார்கள். நல்ல கொண்டாட்டம், தேங்காய்ச் சொட்டு மட்டும் குழந்தையின் வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் பல் வந்த நாளே பல் துலக்கத் தொடங்கும் நாள். மென்மையான குழந்தை பிரஷ்ஷில் அரிசி அளவு ஃபுளோரைடு பற்பசை போதும். காலையும் இரவும் துலக்கிவிடுங்கள். சர்க்கரை கலந்த பால் புட்டியை வாயில் வைத்தபடி தூங்கவிட்டால் மேல் முன்பற்கள் சொத்தையாகும். முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

‘பல்லுதான், சரியாப் போயிடும்’ என்று சொல்லுமுன் மூன்றைப் பாருங்கள்: தெர்மாமீட்டர் என்ன காட்டுகிறது, குழந்தை பால் குடிக்கிறதா, சிறுநீர் வழக்கம்போல் போகிறதா. மூன்றும் சரியாக இருந்தால் விரலும் ஈரத்துணியும் போதும். ஒன்று சரியில்லை என்றாலும் பல்லை விட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.